கண் திறந்த போட்டோ ஒண்ணு

அண்ணாச்சி, அந்த லைட்டை நேரா மூஞ்சிக்கு வைக்காதீங்க.

இல்ல, நான் ஒண்ணும் சொல்லலை. உங்க கடை, உங்க லைட்டு. புள்ளை பஸ்ஸுல தூங்கிட்டா, அதான் தோள்ல கிடக்கா. தானா எந்திரிக்கட்டும். எழுப்புனா அழுவா, அழுதா மூஞ்சி வீங்கிரும். அதுவரைக்கும் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிடுதேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பேசமாட்டேன். எனக்குப் புது ஆளுகளோட பேசவே வராது. எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், அதுலயும் வாத்தியார் எந்திரிச்சுப் பேரைச் சொல்லுன்னா அழுதுருவேன்.

ஸ்கூலுக்குத்தான் போட்டோ. எல்கேஜி. பாஸ்போர்ட் சைஸ். நாளைக்குக் கடைசி நாள், நாளைக்குக் கொடுக்கலைன்னா சீட்டு வேற புள்ளைக்குப் போயிரும். சிரிக்க வேண்டாம், அழகா இருக்க வேண்டாம், பின்னாடி பூ வேண்டாம், மலை வேண்டாம். கண்ணு திறந்திருக்கணும். அது ஒண்ணுதான்.

கயத்தாறுல இருந்து வாரோம். அங்க ஸ்டுடியோ இல்லையான்னா, இருக்கு. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல, கொம்பையா டிஜிட்டல் ஸ்டுடியோன்னு பெரிய போர்டு. நல்ல ஸ்டுடியோதான்.

எங்களுதுதான்.

இப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி, எனக்கு வெக்கமா இருக்கு. பஸ்ஸுல வரும்போதெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன், வாயைத் திறக்கக் கூடாது, போட்டோ எடுத்தோமா போனோமான்னு இருக்கணும்னு. உங்க லைட்டைப் பாத்ததும் வாய் தானாத் திறந்துட்டு. கொம்பையா எங்க வீட்டுக்காரவுக பேரு. அவுக கல்யாணம், சடங்கு, கோயில் கொடைன்னு பெரிய வேலைக்கு மட்டும்தான் போவாக. சின்னப் புள்ளைகளுக்கெல்லாம் நான்தான். சுத்துப்பட்டியில மாரிச்செல்வின்னு கேட்டுப் பாருங்க. மாரிச்செல்வி எடுத்தா மூணு மாசப் புள்ளைகூட முழிச்சுப் பாக்கும்பாக. பவுசைப் பாத்தீங்களா, என் புள்ளை கண்ணைத் திறக்க இப்ப உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கேன். வீட்டுல பல் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். யாருக்குப் பல்லுன்னு அவுக கேக்கல. எதையும் கேக்க மாட்டாக. நல்ல மனுஷன்.

கல்யாணம் ஆகி வந்த புதுசுல எனக்கு இந்தத் தொழிலே தெரியாது. ஜெராக்ஸ் எடுப்பேன், லேமினேஷன் போடுவேன், எல்லாம் தலையைக் குனிஞ்சமேனிக்கே. வைகாசி முகூர்த்தத்துல அவுக ஊர் ஊராப் போயிருவாக. கடையில நானும் கைப்புள்ளையா இவளும் மட்டும்தான். ஒரு பழைய கேமரா கிடந்துச்சு, அது தலையில ஒரு பிளாஷ். ஒரு நாள் பால்வாடி டீச்சர் ஒரு ஆட்டோ நிறையப் புள்ளைகளைக் கொண்டாந்து இறக்கிட்டா. கார்டுக்குப் போட்டோ வேணும், இன்னைக்கே வேணும்னா.

"அவுக இல்லையே மதினி"ன்னேன்.

"நீ சும்மாத்தானேட்டி இருக்கே. பட்டனை அமுக்கு"ன்னா.

அமுக்குனேன்.

அந்தப் போட்டோக்களை நீங்க பாத்திருக்கணும். அம்மாக்காரிக பவுடரை அப்பி அனுப்பியிருக்காளுக. அது மேல பிளாஷ் விழுந்ததும் மூஞ்சி சுண்ணாம்பு தடவுன பானை மாதிரி ஆயிட்டு. கண்ணு செவப்பு. மூக்கு மினுங்குது. செவத்துல கன்னங்கரேர்னு நிழலு, ஒவ்வொரு புள்ளைக்குப் பின்னாடியும் ஒரு குட்டி எமன் வந்து நிக்க மாதிரி. பாதிப் புள்ளைக்குக் கண்ணே இல்லை, மூடிட்டுதுக. எங்க வீட்டுக்காரவுக வந்து பாத்துட்டு, "ஏட்டி, கோழி திருட வந்தவனை டார்ச் அடிச்சுப் பிடிச்ச மாதிரி இருக்கு"ன்னாக. எங்க மாமியா கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "இதுல எது புள்ளை, எது நிழலு"ன்னாக. டீச்சர் மட்டும் வாங்கிட்டுப் போயிட்டா. கார்டுக்கு இது போதும், யாரு பாக்கப் போறான்னா.

அதுதான் எனக்கு ரோசத்தைக் கிளப்பிட்டு. திட்டுனாக்கூடப் பரவாயில்லை அண்ணாச்சி, இது போதும்னு சொல்லிட்டா பாருங்க.

அன்னைக்கே இவளை ஸ்டூல்ல உக்கார வச்சு பிளாஷ் அடிச்சுப் பழக ஆரம்பிச்சேன். வேற யாரை உக்கார வைக்க? ஊரான் புள்ளைன்னா அம்மாக்காரி ஏன் எதுக்குன்னு கேப்பா. இது வீட்டுல கிடைக்கிற புள்ளை. லைட்டைக் கிட்ட வச்சு ஒண்ணு, தள்ளி வச்சு ஒண்ணு. மேல கைக்குட்டையைக் கட்டி ஒண்ணு, டிஷ்யூ பேப்பரை ஒட்டி ஒண்ணு. எங்க மாமனார் வேட்டியைக் குறுக்க கட்டித் தொங்கவிட்டு ஒண்ணு. அவரு குளிச்சிட்டு வந்து வேட்டியைத் தேடிக்கிட்டு நிக்காரு. இவ ராசாத்தி, வச்ச இடத்துல இருப்பா. ஒரு வார்த்தை முணங்க மாட்டா.

இதுக்கு நடுவுலதான் பள்ளிவாசல் வழக்கு வந்துச்சு.

உங்க ஊர்லயும் உண்டும்லா, புள்ளை எதையாவது பாத்துப் பயந்துட்டா பொழுது சாயப் பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போயி வாசல்ல நிக்கிறது? தொழுதுட்டு வாரவுக ஓதி, மூஞ்சில ஊதிவிடுவாக. புள்ளை நல்லாத் தூங்கும். எங்க ஊர்ல எந்தச் சாமியைக் கும்பிடுறவளும் அங்க போயி நிப்பா. முன்னாலயெல்லாம் நாய்க்குப் பயந்தது, வெடிக்குப் பயந்ததுன்னு ஒண்ணு ரெண்டு புள்ளைகதான் வரும். நான் கேமராவைத் தொட்டப்புறம் தெருமுக்கு வரைக்கும் வரிசை. என்னம்மான்னு கேட்டா, போட்டோ எடுத்துப் பயந்துட்டும்பாளுக. மத்தவுக ஊதிட்டுப் போயிருவாக. பாங்கு சொல்ற மோதினார் செய்யது பாய்தான் கடைசிப் புள்ளை வரைக்கும் நிப்பாரு. ஒல்லி உடம்பு, இளைப்பு வேற. அதுவும் நோன்பு மாசம்.

ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த அவரு மருமக சிரிச்சுக்கிட்டே சொல்லுதா: "மதினி, எங்க மாமா உங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. நோன்பு திறந்து ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியலையாம், உங்க புள்ளைகளுக்கு ஊதியே கஞ்சி ஆறிப் போகுதாம். பெருநாள் வரைக்குமாவது அந்த லைட்டைக் கொஞ்சம் அடக்கி வைப்பீகளாம்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நாயி, வெடி, அடுத்தது நான்.

லைட்டை மூஞ்சிக்குக் காட்டுனாத்தானே வம்புன்னு பக்கத்துச் செவத்தைப் பாத்துத் திருப்பிவிட்டேன். செவத்துல பட்டுத் திரும்பி வார வெளிச்சம் பூ மாதிரி வந்து விழும், உங்களுக்குத் தெரியாததா. நிழல் இல்லை, மினுக்கம் இல்லை, புள்ளை முழிச்சிட்டே இருக்கு. நான் ஆஹான்னு இருந்தேன். ஆனா பாருங்க, எங்க கடைச் செவரு கிளிப்பச்சை. மாமனார் ராசிக்கு அடிச்சது. செவரு பச்சைன்னா திரும்பி வார வெளிச்சமும் பச்சைதானே. அத்தனை புள்ளையும் மாங்கா மாதிரி விழுந்திருக்கு.

தெக்குத் தெருக்காரி ஒருத்தி போட்டோவைப் பாத்துட்டு, புள்ளைக்குக் காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சு ஊத்தியிருக்கா. அதுக்கு வயித்தால போயிட்டு. கடை வாசல்ல வந்து நின்னு கத்துதா.

"ஏக்கா, போட்டோவைப் பாத்து மருந்து கொடுத்தீகளே, புள்ளையைப் பாக்கலையா"ன்னு கேட்டேன்.

"போட்டோலதானேட்டி தெளிவாத் தெரியுது"ன்னா.

வாய்க்கு வந்தபடி வஞ்சிட்டுத்தான் போனா. இருந்தாலும் அதைக் கேக்க எனக்குக் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு.

சரி, வெள்ளைச் செவரு வேணும். இருந்த செவத்துல ஒண்ணே ஒண்ணுதான் பச்சை இல்லாதது. அதுல எங்க வீட்டுக்காரவுக கல்யாணத்துக்கு முன்னாடியே ஆள் வச்சு வரைஞ்ச சீனரி இருக்கு. அருவி, பனிமலை, ரெண்டு அன்னம். அவுகளுக்கு அது உசுரு. எங்க கல்யாணப் போட்டோல எனக்குப் பக்கத்துல அவுக நிக்காக, அவுகளுக்குப் பக்கத்துல அன்னம் நிக்கும். அவுக சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு ஒரு டப்பா வெள்ளை வாங்கி, அருவியில இருந்து ஆரம்பிச்சு அடிச்சு விட்டுட்டேன். வந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாக.

"அன்னம் என்னட்டி பண்ணுச்சு உன்னைய?"

"பறந்துட்டு"ன்னேன்.

கொஞ்ச நாள் பேச்சு இல்லை. அவுகளும் பேசல, நானும் பேசல. எனக்குத்தான் பேச வராதே.

ஆனா வேலைன்னா வேலை அண்ணாச்சி. புள்ளையைச் செவத்தை விட்டுத் தள்ளி உக்கார வைப்பேன், நிழல் பின்னாடியே விழுந்து போயிரும். நான் அது உயரத்துக்குத் தரையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுவேன். லைட்டை வெள்ளைச் செவத்தைப் பாத்துத் திருப்பிக்கிடுவேன். கண்ணுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் விழும் பாருங்க, அது விழுந்தாத்தான் அந்தப் போட்டோவுக்கு உசுரு. பள்ளிவாசல்ல வரிசை குறைஞ்சு போச்சு. பெருநாளுக்கு செய்யது பாய் வீட்டுல இருந்து பிரியாணி வந்துச்சு, பெரிய சட்டியில.

என்ன கைராசின்னு எல்லாரும் கேப்பாளுக. ராசியெல்லாம் ஒண்ணும் இல்லை. ஒரு புள்ளை உள்ள வந்தா, முதல்ல இவளை ஸ்டூல்ல ஏத்தி டெஸ்டுக்கு அடிச்சுப் பாப்பேன். வெளிச்சம் கூடவா, கொறைச்சலான்னு பாத்துச் சரி பண்ணிட்டு இவளை இறக்கிட்டு அந்தப் புள்ளையை ஏத்துவேன். அதுக்கு ஒரே அடி. கண்ணு கூசுறதுக்கு முந்தி படம் விழுந்துரும். கூச்சமெல்லாம் இவளோட போயிரும். ஸ்கூல் திறக்கிற சமயத்துல நாள் பூரா இவளுக்கு ஏறவும் இறங்கவும்தான் வேலை. கூப்பிடவே வேண்டாம். வாசல்ல புள்ளைச் சத்தம் கேட்டாப் போதும், தானாப் போயி ஸ்டூல்ல ஏறிக் கண்ணை மூடிட்டு உக்காந்துக்கிடுவா. அம்புட்டு அறிவு. நானும் திறன்னு சொல்றதில்லை. டெஸ்டுக்குக் கண்ணு எதுக்கு, மூஞ்சி போதும்லா.

இப்ப அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கீங்க. ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா சொல்லுதேன்.

ஸ்கூல்ல அப்ளிகேஷன் கொடுக்கப் போனா, ஆபீஸ் மேடம் போட்டோவைப் பாத்துட்டு, "தூங்கும்போது எடுத்ததா"ன்னாக. வேற எடுத்துட்டுப் போனேன். "இதுலயும் தூங்குதாளே"ன்னாக. மறுபடியும் போனேன். அந்த மேடம் என்னையத் தனியாக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, மெதுவாக் கேக்காக: "மறைக்காமச் சொல்லும்மா. புள்ளைக்குக் கண்ணு தெரியுமில்லையா?"

நேரா வீட்டுக்கு வந்து இவ போட்டோவையெல்லாம் கம்ப்யூட்டர்ல தேடுனேன். ஆயிரக்கணக்குல கிடக்கு அண்ணாச்சி. பல்லு முளைச்சது, மொட்டை போட்டது, பாவாடை கட்டுனது. ஒண்ணுலகூடக் கண்ணு இல்லை.

எதிர்வீட்டுக்காரிக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. குழாயடியில சொல்லிருக்கா, "ஊர்ப் புள்ளை கண்ணையெல்லாம் திறந்துவிட்டவ, சொந்தப் புள்ளை கண்ணைத் தச்சு வச்சிருக்கா"ன்னு. எனக்கு இது ஒரு மானப் பிரச்சனை.

என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். பிளாஷ் இல்லாம வெயில்ல எடுத்துப் பாத்தேன், மூடுதா. செல்போன்ல எடுத்தேன், மூடுதா. கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்து எடுத்தேன், எப்படித் தெரியுமோ, மூடுதா. ஐஸ்கிரீமைக் காட்டுனா வாயைத் திறக்கா, கண்ணை மூடுதா. இப்பம் பால் டம்ளரைத் தூக்குனாலும் மூடுதா. சீப்பைத் தூக்குனாலும் மூடுதா. அவுக அப்பா தூக்குனா ஒண்ணும் இல்லை, நான் தூக்குனாத்தான். அப்ப அவுக அப்பாவை எடுக்கச் சொல்ல வேண்டியதுதானேம்பீங்க. எடுத்தாக. ஆனா லைட்டைச் சரி பண்ண நான் பக்கத்துல நிக்கணும்லா. அவுகளுக்கு லைட்டு பத்தி என்ன தெரியும்.

இது பிறவிக் குணம். எங்க மாமியா வழி. அந்த வீட்டுல எவருக்குக் கண்ணு முழுசாத் திறந்திருக்கு?

நேத்துப் பள்ளிவாசலுக்கும் தூக்கிட்டுப் போனேன். செய்யது பாய் பாத்துட்டு, "வாம்மா, ஊர்ல உன் வீடு ஒண்ணுதான் வராம இருந்துச்சு"ன்னாரு. ஊதுறாரு, இவ அவரு தாடியையே முழிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கா. ஊதி முடிச்சதும் மூஞ்சியைத் துடைக்கலாம்னு முந்தானையைத் தூக்குனேன். மூடிட்டா.

"பாய், இன்னொரு தடவை ஊதுங்க. சரியாப் பிடிக்கல"ன்னேன்.

"ஊதுனது சரியாத்தாம்மா இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான், செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு.

எந்திரிச்சிட்டா. தன்யா, இங்க பாரு, மாமாவைப் பாரு. மாமா போட்டோ எடுப்பாரு. கேமராவை இன்னும் தூக்காதீங்க அண்ணாச்சி, அவ முகம் தெளியட்டும். நான் தலையை மட்டும் சீவி… பாத்தீங்களா, மூடிட்டா. சீப்பு பைக்குள்ளதான் இருக்கு, வெளியவே எடுக்கல.

என்ன, நானா? வெளியவா? அது சரிவராது அண்ணாச்சி. நான் இல்லாம ஒரு நிமிஷம் இருக்க மாட்டா, ஊரையே கூட்டிருவா. எங்க மாமியாகிட்டக்கூட… சரி. சரி, நிக்கேன். இந்தத் திரைக்கு அந்தப் பக்கம்தானே. தன்யா, அம்மா இங்கதான் நிக்கேன், அழக் கூடாது.

என்ன அண்ணாச்சி, அழுதாளா? அழலையா.

ஸ்டூலைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போடுங்க, நிழல் விழும். நீங்களும் குனிஞ்சுக்கோங்க, நின்னுக்கிட்டு எடுத்தா நெத்திதான் விழும். அந்த இடது பக்க லைட்டு… சரி, பேசல. பேசல அண்ணாச்சி.

சிரிக்கிறது யாரு, இவளா?

என்ன கேக்கா? எனக்குச் சரியாக் கேக்கல. மாமாகிட்ட என்னமோ கேக்காளே.

டெஸ்டா, நெசமான்னா?

டெஸ்டான்னா கேட்டா, அண்ணாச்சி?

…

நெசம்னு சொல்லுங்க. அம்மா சொன்னான்னு சொல்லாதீங்க, நம்ப மாட்டா. நீங்களே சொல்ற மாதிரிச் சொல்லுங்க. இது நெசம், வேற எந்தப் புள்ளையும் இல்லை, இவளுக்குத்தான்னு சொல்லுங்க. ஆமா, அப்படித்தான். ஒரு தடவைதான் அடிப்பேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு தடவைதான் அடிக்கணும்.

அடிச்சிட்டீங்களா? திரைக்கு அடியில வெளிச்சம் வந்துச்சு. எப்படி இருக்கு? லைட்டைக் கேக்கல, அது எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்.

திறந்திருக்கா. ரெண்டுமா?

பெருசாவா இருக்கு? எங்க மாமியா வழின்னு சொன்னேனே.

இல்ல, அழலை. திரை மூஞ்சில பட்டுட்டு. அதையே போட்டுக் கொடுங்க, வேற எடுக்க வேண்டாம். நான் உள்ள வாரேன். அண்ணாச்சி, அதுக்கு முந்தி ஒண்ணு. அம்மா கையில ஒண்ணும் இல்லைன்னு அவகிட்டச் சொல்லிருங்க.